திண்டிவனத்து இரவு: அச்சமும் ஜெபமும்

திண்டிவனத்து இரவு என்பது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா சோஃபியா ஸ்கடர் (1870–1960) தம் இளம் வயதில் திண்டிவனம் மிஷன் பங்களாவில் தூங்காமல் ஜெபத்தில் கழித்த ஓர் இரவு. அந்த இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். தமிழகத் திருச்சபைகளில் இந்த நிகழ்ச்சி பெரும்பாலும் ஊழிய அழைப்புக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. அச்சத்தையும் மனக்கலக்கத்தையும் கடவுள் நம்பிக்கையால் எதிர்கொள்வது எப்படி இருக்கும் என்பதற்கும் இது திண்டிவனம் வட்டாரத்தின் ஒரு சான்று. அன்று ஐடாவின் பயத்தை ஜெபம் துடைத்து எறியவில்லை. எதை நினைத்து அவர் பயந்தாரோ அந்தத் திசையிலேயே அவரை நடக்க வைத்தது.

பின்னணி

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர். அவருடைய ஆண் மக்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷன் பணிக்கு வந்தார்கள். அவர்களில் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் முன்னின்று 1853இல் ஆற்காடு மிஷன் உருவாயிற்று. வேலூர், ஆரணி, சித்தூர், இராணிப்பேட்டை ஆகியவற்றோடு அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் திண்டிவனமும் அதன் பணிக்களம் ஆனது. அந்தக் குடும்பத்தின் பெயரைத் திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்களுக்குப் பின் வந்த ஒரே பெண். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்கும் வேலையில் அவரும் இருந்தார். ஆறேழு வயதுக் குழந்தை பார்க்கக்கூடாத காட்சிகள் அவை. பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றபோது, அங்கே உறவினர் வீட்டில் அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். ஆகவே இந்தியா என்றாலே அவருக்குப் பஞ்சமும் பிரிவும்தான். நற்செய்தியாளர் டுவைட் மூடி மாசசூசெட்ஸில் நிறுவிய நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தபோது, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்ற முடிவு அவர் மனத்தில் உறுதியாக இருந்தது.

தாயார் சோஃபியாவின் உடல்நலம் குன்றியதால் 1890இல் திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. அம்மா தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். தோழிகள் திரும்பி வரச்சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இரவு

முதலில் வந்தவர் ஒரு பிராமணர். மனைவி சிறு வயதுப் பெண். தலைப்பிரசவத்தில் துன்பப்படுகிறாள், வந்து பாருங்கள் என்றார். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அப்பா மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்று சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் என் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் உயர்சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார். மூன்று வேறு சமூகங்கள், மூன்று வேறு வழக்கங்கள். பெண்ணின் உயிர் என்று வந்தபோது மூன்றும் ஒரே வாசலில் வந்து நின்றன. அந்தக் கணவன்மார்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் இருட்டில் நடந்து வந்து வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாதவன் அப்படி வரமாட்டான்.

அந்த இரவைப் பற்றி ஐடா பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். எட்டும் தொலைவில் மூன்று இளம்பெண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. இரவின் பெரும்பகுதி வேதனையிலும் ஜெபத்திலும் கழிந்தது. அவர் கேட்டது வழிகாட்டுதல். தம் வாழ்நாளை இந்தியாவில் கழிக்க விருப்பமில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடவுளை முகமுகமாகச் சந்தித்தது அதுவே முதல்முறை என்று தோன்றியதாகச் சொல்கிறார். விடியற்காலையில் ஊருக்குள்ளிருந்து சாவுப் பறை கேட்டது. அந்த ஒலி அவர் நெஞ்சில் திகிலை எழுப்பியது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூவரும் இறந்த செய்தி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. இரவின் பெரும்பகுதி ஜெபித்த பிறகும் பறை கேட்டதும் திகில் வந்தது. ஜெபித்தவருக்குப் பயமே வராது என்று மேடையில் சொல்லப்படுவது ஐடாவின் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. அவர் மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார், ஜெபித்தார். வெளியே வந்தபோது பெற்றோரிடம் சொன்னது ஒன்றுதான்: அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, இப்படிப்பட்ட பெண்களுக்காகத் திரும்பி வரப்போகிறேன்.

அதன் பிறகு

பிலடெல்பியாவில் படிப்பைத் தொடங்கி, பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். 1900 தொடக்கத்தில் தோழி ஆனி ஹான்காக்குடன் இந்தியா வந்தார். மருத்துவமனை கட்ட ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் கையில் இருந்தது. உடனிருந்து தொழில் பழக்குவார் என்று நம்பியிருந்த தந்தை அதே ஆண்டில் இறந்துபோனார். வேலூரில் வீட்டின் ஒரு சிற்றறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். முதல் அறுவைச் சிகிச்சையின்போது உதவிக்கு இருந்தவர் வீட்டுப் பட்லரின் மனைவி மட்டுமே. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்போடு பட்டப்படிப்பு என்று அது வளர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

சொல்லும் வேதமும்

தமிழில் அச்சத்தை ஆராய்ந்த பழைய நூல் தொல்காப்பியம். எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவது ‘இறை’ தன்னை ஆளும் அரசனையோ தலைவனையோ குறிக்கும். பிற்காலத்தில் இதே சொல் கடவுளுக்கு வழங்கி, அச்சத்தின் பட்டியலில் இருந்த பெயர் அடைக்கலத்தின் பெயராயிற்று. தமிழ்க் கிறித்தவர் இறைவன் என்று கூப்பிடும்போது இந்த இரு பொருளும் அடியில் கிடக்கின்றன.

சீர்திருத்தத் திருச்சபையினர் ஜெபம் என்றும், கத்தோலிக்கர் பெரும்பாலும் செபம் என்றும் எழுதுவர். விவிலியத்தில் ‘பயப்படாதே’ என்ற சொல் ஆபிரகாம் முதல் மரியாள் வரை பலருக்குச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே பயந்துபோய் நிற்பவர்களிடம்தான் அது சொல்லப்படுகிறது. சங்கீதங்களில் 23, 27, 46, 91, 121 ஆகியவை இவ்வட்டாரத்துக் குடும்பங்களில் அச்ச நேரத்தில் வாசிக்கப்படுபவை. கவலையை விட்டு வேண்டுதலில் இறங்கும்படி பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது சிறையில் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக கெத்செமனே தோட்டம் இருக்கிறது. சிலுவைக்கு முந்திய இரவில் இயேசுவே வியாகுலப்பட்டார், வியர்வை இரத்தத்துளிகளைப் போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். பாத்திரம் நீங்கும்படி அவர் கேட்டார், நீங்கவில்லை. எழுந்து, வந்தவர்களை எதிர்கொண்டு போனார். திண்டிவனத்து இரவின் மூலப்படிவம் அந்தத் தோட்டம்தான்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார வழக்கம்

திண்டிவனம் அடங்கிய விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. இங்கே கிறித்தவம் ஒரே நிறத்தில் இல்லை. முகையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. திண்டிவனம் பக்கம் ஆற்காடு மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை. விழுப்புரம், திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இவற்றோடு தெருவுக்குத் தெரு பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு.

கலக்கம் வந்தால் இவர்கள் செய்வது சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்க வீட்டில் அம்மா செபமாலையை எடுப்பார். செவ்வாயன்று அந்தோணியார் நவநாள், புதனன்று சகாய மாதா நவநாள். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவார்கள். அவர்களில் பலர் ஏதோ ஒரு பயம் நீங்கியதற்கு நன்றியாக நடப்பவர்கள். சீர்திருத்தச் சபைகளில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த வசன அட்டை. பெண்ணின் பிரசவம், பையனின் பிளஸ் டூ தேர்வு முடிவு, கந்துவட்டி, கணவனின் குடி, ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஜெப விண்ணப்பச் சீட்டில் எழுதப்படுபவை எல்லாம் நேரான பயங்கள். ‘ஜெபத்துல வச்சுக்கங்க’ என்று சொல்வதும், ‘பாரத்தை அவர் பாதத்துல வச்சுட்டேன்’ என்று எழுந்திருப்பதும் இங்கே அன்றாடப் பேச்சு.

இந்த வழக்கத்தின் உண்மையான பலம் கூட்டத்தில் இருக்கிறது. தனியாக நடு இரவில் சுமக்கும் பயத்தை ஐந்தாறு பெண்கள் பாயில் முக்காடிட்டு உட்கார்ந்து பெயர் சொல்லிக் கேட்கும்போது, அது வாய்விட்டுச் சொல்லக்கூடிய பயமாக மாறுகிறது. சொல்லத் தெரியாத பயத்தை ஒன்றும் செய்ய முடியாது. பெயர் வைத்த பயத்துக்கு வழி தேடலாம். ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒருவர் ஆட்டோவுக்குச் சொல்வதும், இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குத் துணை போவதும் ஜெபத்தின் தொடர்ச்சியே.

ஜெபமும் மருத்துவமும்

உடலளவில் ஜெபம் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர், இலத்தீனில் செபமாலை சொன்ன 23 பேரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்ததையும், இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பான செயல் வலுப்பட்டதையும் பதிவு செய்தனர். யோக மந்திரம் சொன்னபோதும் அதே விளைவு இருந்தது. நம்பிக்கை உண்மையா என்பதற்கு இது சான்று ஆகாது. செபமாலை உருட்டும் பாட்டி ஏன் அமைதியாக இருக்கிறார் என்பதற்கு ஒரு பகுதி விடை.

பதற்ற நோய் வேறு. காரணம் இல்லாமல் நெஞ்சு படபடத்தல், கைகால் நடுக்கம், வாரக்கணக்கில் தூக்கமின்மை, வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவை மருத்துவம் கேட்கும் அறிகுறிகள். இவர்களிடம் ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்வது கொடுமை. ஏற்கெனவே நடுங்குகிறவர் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவைக்கும் பேச்சு அது. சில மேடைகளில் அது தாராளமாகப் பேசப்படுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபி என்று சொல்வது அதனினும் ஆபத்து. ஐடா ஏற்படுத்திய நிறுவனமே இதற்கு மறுமொழி: வேலூர் பாகாயத்தில் 1957 முதல் அதன் மனநல மையம் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அங்கே தொடக்கம் முதல் உள்ள வழக்கம். விழுப்புரத்துக்காரர்களுக்கு அருகில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் வழியாக வேலூர், காட்பாடிக்கு ரயில் பாதை உண்டு. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பங்கள் அதில் ஏறுகின்றன. ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய கவர் ஒரு கையில். பையில் சாப்பாட்டுத் தூக்கு, மாற்றுப் புடவை, சிலருக்கு ஓரம் தேய்ந்த வேதாகமம். என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பெண்கள் முகத்தில் தெரியும். உதடு அசைந்துகொண்டிருக்கும். வண்டி போய்க்கொண்டிருக்கும்.