பேச்சு வானொலியின் திசைமாற்றம்: அலைவரிசை யாருடைய உடைமை?

நேயர் தொலைபேசியில் அழைக்க, நெறியாளர் மறுமொழி சொல்ல, அந்த உரையாடலை ஊரே கேட்கும் வடிவம்தான் பேச்சு வானொலி. அமெரிக்காவில் 1980களின் இறுதியிலிருந்து அது பெருமளவில் வலதுசாரிகளின் ஊதுகுழலாயிற்று. மக்களின் விருப்பம் மாறியதே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. சட்டத்தின் வழியே அதனைப் பார்க்கும் நமக்கோ வேறொன்று தெரிகிறது. வானொலியின் திசையை மாற்றியதில் விதிகளுக்கும் உடைமைக்கும் பெரும் பங்குண்டு.

நேயர் பெற்ற உரிமை

அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1949இல் 'நியாயக் கோட்பாடு' என்ற விதியை வகுத்தது. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த சர்ச்சைகளை ஒலிபரப்பாளர் பேசியாக வேண்டும். மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1964இல் பென்சில்வேனியாவின் ரெட் லயன் நகர வானொலியில் ஒரு மதபோதகர் எழுத்தாளர் ஒருவரைத் தாக்கிப் பேசினார். எழுத்தாளர் மறுமொழி கூற நேரம் கேட்டார். நிலையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969இல் வந்த தீர்ப்பு, ஒலிபரப்பாளரின் உரிமையைவிடக் கேட்பவரின் உரிமையே மேலானது என்று உறுதி செய்தது.

இதற்கு இணையான மற்றொரு வழக்கு மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் எழுந்தது. அங்கிருந்த தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நிலையம் அவர்களைப் புறக்கணித்துப் பிரிவினைவாதிகளின் குரலையே ஒலிக்கிறது என்று குற்றம் சாட்டப்பட்டது. ஆணையமோ அலைக்குறுக்கீட்டாலோ பொருளாதார நட்டத்தாலோ பாதிக்கப்பட்டவரே உரிமத்தை எதிர்த்து வாதிடலாம் என்றது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நிராகரித்து, பார்வையாளரின் சார்பாளர்களுக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்றது. 1969இல் அந்த உரிமப் புதுப்பிப்பு ரத்தாயிற்று. குடியுரிமைப் போராட்டம் அலைவரிசைக்கும் நீண்டது இவ்வாறே.

கோட்பாடு வீழ்ந்த பின்

1970களின் இறுதியில் இசை கேட்போர் பண்பலைக்கு நகர்ந்துவிட்டனர். ஆளற்றுப்போன ஏ.எம். நிலையங்களுக்கு மலிவான நிகழ்ச்சி தேவைப்பட்டது. செயற்கைக்கோள் வழியே ஒரே குரலை நாடெங்கும் அனுப்புவதும் எளிதாயிற்று. இந்நிலையில் 1987 ஆகஸ்டில் ஆணையம் நியாயக் கோட்பாட்டைக் கைவிட்டது. அதனைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ரீகன் அதற்கு முன்பே தன் மறுப்பதிகாரத்தால் வீழ்த்தியிருந்தார். அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். காலப்போக்கில் 600க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதனை ஒலிபரப்பின. சர்ச்சைகளில் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற நியாயக் கோட்பாட்டின் பொதுக் கடமை அவற்றில் எதற்கும் இல்லை.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடெங்கும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. அதுவரை இருந்த வரம்பு 40 நிலையங்கள். சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் ஏறத்தாழ 1200 நிலையங்களைக் கைக்கொண்டது. உள்ளூர்க் குரல் இருந்த இடத்தில், தொலைவிலிருந்து வரும் ஒற்றைக் குரல் அமர்ந்தது.

வலதுசாரிப் பேச்சுக்கு மாற்றாக 2004இல் 'ஏர் அமெரிக்கா' தொடங்கப்பட்டது. நியூயார்க்கில் அதற்குக் கிடைத்த அலைவரிசை டபிள்யூ.எல்.ஐ.பி. கறுப்பினத்தவரின் உடைமையாக இருந்து, கறுப்பின, கரீபிய மக்களின் விவாதக் களமாக விளங்கிய நிலையம் அது. முற்போக்குக் குரலுக்கு இடமளிக்க விலக்கப்பட்டது அம்மக்களின் குரலே. 2010 ஜனவரியில் ஏர் அமெரிக்காவும் மூடப்பட்டது. நமக்காகப் பேசுகிறோம் என்போர் நம் இடத்தில் அமர்ந்து பேசும் அனுபவம் தலித் இயக்கங்களுக்குப் புதிதன்று.

நம் மண்ணில்

1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று அறிவித்தது. ரெட் லயன் தீர்ப்பும் அதில் அலசப்பட்டது. அரசின் பிடியிலிருந்து விலகிய தன்னாட்சி அமைப்பு ஒன்று ஒலிபரப்பை நெறிப்படுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. எனினும் உரிமம் வழங்கும் அதிகாரம் இன்றும் ஒன்றிய அமைச்சகத்திடமே உள்ளது.

தெலங்கானாவின் பஸ்தாபூர் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபரில் ஒலிக்கத் தொடங்கியது. உரிமம் கிடைக்கும்வரை அப்பெண்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் கேட்டுவந்தனர். சமுதாய வானொலியை மக்கள் அமைப்புகளுக்குத் திறந்த 2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள் ஒரு பூட்டையும் சேர்த்தே மாட்டின: செய்தியும் நடப்பு அரசியலும் பேசக் கூடாது. பின்னர் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்ப அனுமதி வந்தது. விதையும் பாட்டும் பேசலாம். பக்கத்து ஊரில் நிகழ்ந்த வன்கொடுமையைத் தாமே திரட்டிச் செய்தியாகச் சொல்ல முடியாது.

வெறுப்புப் பேச்சுக்கு எதிராக நம்மிடம் சட்டம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையையும் வெறுப்பையும் தூண்டும் பேச்சைக் குற்றமாக்குகிறது. ஆனால் தண்டனைச் சட்டம் தீய பேச்சைத் தண்டிக்கும். நம் பேச்சுக்கு ஒலிவாங்கியைப் பெற்றுத் தராது. அதற்கு மூன்று கோரிக்கைகள் தேவை: உரிம விசாரணையில் நேயர்களுக்கும் இடம், சமுதாய வானொலிக்குச் செய்தி உரிமை, தாக்கப்பட்டவருக்கு அதே அலைவரிசையில் மறுமொழி உரிமை.

ஜாக்சனில் நீதிமன்றம் சென்றவர்களிடம் சொந்த நிலையம் இல்லை. இந்த அலைவரிசையில் எங்களுக்கும் பங்குண்டு என்ற வாதம் மட்டுமே இருந்தது. அதனை முன்வைக்கும் சட்ட அடிப்படை 1995 முதல் நம்மிடமும் இருக்கிறது. அதைக் கையிலெடுப்பது நம் பொறுப்பு.