"ஆட்டுக்கு ஏன் சார் வரலை?"

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்திக்குப் போலியோ சொட்டு மருந்து போடக் கூட்டிப் போனேன். விரலில் மை வைத்துக்கொண்டு அவள் குதித்துக் குதித்து வந்தாள். எனக்கு மட்டும் 1987ஆம் வருடத்து வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது.

ஏழாம் வகுப்பு, நோய்க்கிருமிகள் பாடம். முதல் பெஞ்சில் காலில் காலிப்பர் மாட்டிய ஒரு பையன் இருந்தான். எழுந்து நின்று கேட்டான்: "சார், எங்க வீட்டுல ஆடு, மாடு, நாய் எல்லாம் எங்க கூடத்தான் இருக்கு. எனக்கு வந்த போலியோ ஆட்டுக்கு ஏன் சார் வரலை?"

வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். காலைக் கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "போன பிறவிப் பாவம்" என்று ஊரில் அவன் அம்மாவிடம் பலர் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை, 'எனக்கு ஏன்' என்றும் கேட்டிருக்கிறான்.

ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். அந்த விடையின் கதை இதுதான்.

1908ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னரும் எர்வின் பாப்பரும் போலியோவால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படித்தோமே, அதே லேண்ட்ஸ்டெய்னர்தான். முயலுக்கும் எலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரங்குகளுக்கு நோய் வந்தது. என் மாணவன் கேட்ட கேள்வி அன்றே அவர்கள் மேசையில் இருந்தது.

ஆனால் அறிவியல் உலகம் வேறு பாதையில் போய்விட்டது. நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தின் சைமன் பிளெக்ஸ்னர், வைரஸ் மூக்கு வழியாக நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகிறது, நரம்புச் செல்லில் மட்டுமே வளர்கிறது என்று நம்பினார். அவர் சோதித்த குரங்கு வகைக்கு வாய் வழியாக நோய் தொற்றாது. அவர் பயன்படுத்திய வைரஸும் குரங்கு மூளையிலேயே திரும்பத் திரும்ப வளர்த்து, அதற்கே பழகிப்போன வகை. 1936ல் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் அதே வகையை வைத்துச் சோதித்தார்கள். நரம்புத் திசுவில்தான் வளர்ந்தது. முடிவு உறுதியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1937ல் டொராண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்தார்கள். நோய் தடுக்கப்படவில்லை. சில குழந்தைகள் வாசனை அறியும் சக்தியை இழந்ததுதான் மிச்சம்.

1949ல் பாஸ்டனில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் வேறொரு வகையை எடுத்து, மனிதத் தோல், தசை, குடல் திசுக்களில் வளர்த்துக் காட்டினார்கள். நரம்பு மட்டும் என்ற நம்பிக்கை உடைந்தது. 1954ல் நோபல் பரிசு கிடைத்தது. 1955ல் சால்க் தடுப்பூசி வந்தது.

சரி, குடலிலும் வளரும். ஆனால் ஆட்டுக்கு ஏன் வரவில்லை?

வைரஸை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. தான் செய்தி. வெளியே இருக்கும் புரத உறை கவர். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விலாசம் கவரில்தான் இருக்கிறது. 1959ல் ஜான் ஹாலண்டும் அவர் குழுவினரும் கவரைக் கிழித்துவிட்டு, வெறும் ஆர்.என்.ஏ.வை முயல், கோழிக்குஞ்சு போன்றவற்றின் செல்களுக்குள் செலுத்தினார்கள். போலியோ ஒருபோதும் தொடாத அந்தச் செல்களுக்குள்ளும் வைரஸ் உற்பத்தியானது! ஆனால் ஒரே ஒரு சுற்றுதான். பிறந்த புது வைரஸ்கள் எல்லாம் மறுபடி போலியோ உறை போட்டுக்கொண்டு வந்தன. பக்கத்துச் செல்லுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. ஆக, செல்லின் உள்ளே தடை இல்லை. வாசலில்தான் தடை.

1964ல் கார்ட்ஸும் ஹாலண்டும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். போலியோவின் ஆர்.என்.ஏ.வை காக்ஸாக்கி பி1 என்ற வேறு வைரஸின் உறைக்குள் வைத்தார்கள். காக்ஸாக்கி எலிச் செல்லுக்குள் போகும். அதன் கவரைப் போட்டதும் போலியோவின் கடிதமும் போய்ச் சேர்ந்தது.

அந்த வாசலில் அப்படி என்ன இருக்கிறது? 1985ல் ஜேம்ஸ் ஹோகிள் குழு போலியோ வைரஸின் உறையை அணு அணுவாகப் படம் பிடித்தது. 4 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60, சேர்ந்து ஒரு பந்து. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். பந்தின் மேல் பள்ளத்தாக்கு போன்ற குழிவுகள். 1989ல் வின்சென்ட் ரக்கானியெல்லோவின் ஆய்வகம், அந்தக் குழிவில் பொருந்தும் மனிதச் செல்லின் ஏற்பியைக் கண்டுபிடித்தது. சிடி155 என்று பெயர். மறுவருடம் அந்த மரபணுவை எலிக்குள் வைத்தார்கள். அந்த எலிக்குப் போலியோ வந்தது, கால் செயலிழந்தது.

வாசல் மட்டுமே எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். சிடி155 நம் உடலில் பல உறுப்புகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் போலியோ தாக்குவதில்லை. உள்ளே நுழைந்த பிறகும் வேறு தடைகள் உண்டு. ஆனால் வாசல் திறக்காவிட்டால் எதுவுமே நடக்காது.

மனிதச் செல்லை விட்டால் இயற்கையில் வேறு புகலிடம் இல்லை என்பதால்தான் இந்த நோயை ஒழிக்கப் புறப்பட முடிந்தது. ஆட்டிலும் மாட்டிலும் ஒளிந்திருந்தால் எத்தனை சொட்டு மருந்து போட்டும் தீர்ந்திருக்காது. இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27ல் நமக்குச் சான்று கிடைத்தது. நம் பள்ளி வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை.

தம்பி, இதை நீ படிக்கிறாயா என்று தெரியவில்லை. நீ கேட்ட அன்றே பாதி விடை உலகத்தில் இருந்தது. மீதி இரண்டே வருடத்தில் வந்தது. உன் வாத்தியாரிடம்தான் இல்லை. ஆட்டின் செல்லில் அந்த வாசல் பொருந்தவில்லை. உன்னிடம் இருந்தது, என்னிடமும் இருக்கிறது, உன்னைப் பார்த்துச் சிரித்த எல்லோரிடமும் இருக்கிறது. தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் கை பாதிக்கும். அந்த ஒருவன் நீயானதில் உன் அம்மாவின் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தெரியாவிட்டால், "தெரியாது, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிப் பழகுங்கள். எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.