சீஸ் இல்லாத பீட்சாதான் மூத்தது

பீட்சா என்றதும் நம் மனசில் வருவது நூல் நூலாக இழுபடும் சீஸ்தான். விளம்பரங்களும் அதையே காட்டிப் பழக்கிவிட்டன. அதனால் சீஸ் போடாமல் வீட்டில் பீட்சா செய்தேன் என்று யாராவது சொன்னால், ஏதோ பருப்பில்லாத சாம்பார் வைத்ததுபோல் பார்க்கிறோம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் திட்டு வாங்கியவர்களும் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர். அவர்கள் தங்கள் பீட்சாவைக் குறைச்சல் பண்டமாக நினைக்க வேண்டியதே இல்லை. சரித்திரம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

பீட்சா என்ற சொல் பழையது. நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் நடுவே கடலோரத்தில் கயேத்தா என்று ஒரு ஊர். அந்த ஊரின் 997-ஆம் ஆண்டு லத்தீன் சாசனம் ஒன்றில், கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு, ஈஸ்டருக்குப் பன்னிரண்டு என்று பீட்சாக்களைக் குத்தகைப் பாக்கியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அப்போது ஐரோப்பாவில் தக்காளியே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில்தான் கப்பலேறி வந்தது. வந்தபின்னும் விஷச் செடியின் சொந்தக்காரி என்று பயந்து பலர் ஒதுக்கினார்கள். நம் பாட்டிமார் 'சீமைத் தக்காளி' என்று சொன்னதும், இன்றும் பல வீடுகளில் திவசச் சமையலில் அது சேராததும் உங்களுக்கு நினைவிருக்கும். வந்தேறிக் காய்க்கு எங்கும் அதே கதைதான்.

நேப்பிள்ஸ் ஏழைகளுக்கு அப்படித் தயங்க வசதியில்லை. 1800 வாக்கில் சுமார் 4 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம் அது. அன்றாடம் கூலிக்கு அலைபவர்கள், மீனவர்கள், சுமை தூக்குபவர்கள் என்று ஏராளமானோர். பலருக்கு வீட்டில் அடுப்பு வைக்கக்கூட இடமில்லை. அவர்களுக்குத் தெருவில் விற்ற பீட்சாதான் காலைப் பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும். கையிலிருக்கும் காசுக்கு ஏற்றபடி துண்டு போட்டுக் கொடுப்பார்கள்.

நான் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன். அதனால் அடுத்து வரும் பெயரைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மோர்ஸ் சங்கேதம் தந்த சாமுவேல் மோர்ஸ், அப்போது ஓவியராக இத்தாலியில் சுற்றிக்கொண்டிருந்தார். 1831-இல் நேப்பிள்ஸ் பீட்சாவைப் பார்த்து அருவருப்போடு எழுதிவைத்தார். தக்காளித் துண்டும் சின்ன மீனும் மிளகும் போட்ட அந்த ரொட்டியை அவர் சாக்கடையோடு ஒப்பிட்டார். அவர் கொடுத்த பட்டியலில் சீஸ் இல்லை. 'மான்டி கிறிஸ்டோ பிரபு' கதை எழுதிய அலெக்சாந்தர் தூமா 1835-இல் அங்கே போனார். ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சாவையும் கோடையில் தர்ப்பூசணியையும் தின்றே உயிர் வாழ்கிறார்கள் என்று 1843-இல் வந்த தம் பயண நூலில் எழுதினார். எண்ணெய், பன்றிக் கொழுப்பு, சீஸ், தக்காளி, மீன் என்று அவர் பல வகைகளைச் சொல்கிறார். ஆக, சீஸ் போட்ட பீட்சாவும் இருந்தது. ஆனால் அது பலவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இன்னும் தெளிவாகச் சொன்னவர் எமானுவேலே ரொக்கோ. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நேப்பிள்ஸ் பழக்கவழக்கங்களைப் பற்றித் தொகுக்கப்பட்ட நூலில் அவருடைய பீட்சாக் கட்டுரை இருக்கிறது. எண்ணெய், உப்பு, ஓரிகானோ, பொடியாக நறுக்கிய பூண்டு, இவை மட்டும் போட்டதுதான் எல்லாவற்றிலும் சாதாரணமான பீட்சா என்கிறார் அவர். துருவிய சீஸ், துளசி போன்ற பேசில் இலை, மொஸரெல்லா எல்லாம் வேறொரு வகைக்குத்தான்.

பூண்டும் எண்ணெயும் போட்டதோடு தக்காளி சேர்ந்ததுதான் 'மரினாரா'. பெயரில் கடல் இருக்கிறது, பண்டத்தில் மீன் கிடையாது. மாலுமிகளும் மீனவர்களும் விரும்பிச் சாப்பிட்டதால் வந்த பெயர் என்பார்கள். காரணமும் பொருந்துகிறது: எண்ணெய், பூண்டு, காய்ந்த ஓரிகானோ மூன்றும் கெடாது. பச்சை மொஸரெல்லாவோ சீக்கிரம் கெடும், விலையும் கூட.

1889-இல் மார்கரீட்டா ராணி வந்தபோது ரஃபேலே எஸ்பொசித்தோ என்பவர் தக்காளி, மொஸரெல்லா, பேசில் போட்டு மூவர்ணக் கொடிபோல் ஒரு பீட்சா செய்தார், ராணி பெயரையே வைத்தார் என்பது பிரபலமான கதை. ஆதாரக் கடிதத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மூன்று சாமான்களும் ரொக்கோ பட்டியலிலேயே இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் ராணியின் பெயர் உலகம் சுற்றியது. மீனவன் பீட்சா பின்வரிசைக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு விதி வகுத்தபோது மரினாராவுக்கும் சரியான இடம் கொடுத்தது: 35 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, 70 முதல் 100 கிராம் தக்காளி, ஒரு பல் பூண்டு, விறகடுப்பில் 60 முதல் 90 விநாடி. சீஸ் கிடையாது.

என் பேத்திக்குப் பால் ஆகாது. பிறந்தநாள் விருந்துகளில் அவளுக்கு மட்டும் தனித் தட்டு வரும். "உன்னோடதுதாண்டி பழைய பீட்சா, மத்தவங்களோடது பின்னாடி வந்தது" என்று இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது அதைத் தோழிகளிடம் அவளே அதட்டலாகச் சொல்கிறாள்.

எங்கள் வீட்டு முறை இது. அரைக் கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு கிராம் ஈஸ்ட். பிசைந்து மூடிவைத்தால் நம் ஊர் வெக்கையில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். நான்கு உருண்டை வரும். நம் நாட்டுத் தக்காளியில் நீர் அதிகம். வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, கையால் மசித்து, பத்து நிமிஷம் வடிதட்டில் வையுங்கள். தோசைக்கல்லில் மேலிருந்து சூடு கிடைக்காது. ஆகவே பூண்டை மெல்லிசாக நறுக்கி எண்ணெயில் லேசாக வதக்கிக்கொள்ள வேண்டும். மாவைக் கையால் மெல்லிசாக இழுத்துக் காய்ந்த கல்லில் போட்டு, தக்காளி, உப்பு, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ தூவி, மூடி, மிதமான தீயில் ஆறேழு நிமிஷம். ஓரிகானோ இல்லையென்றால் தொட்டியிலிருக்கும் கற்பூரவல்லியை மிகச் சிறிதாக நறுக்கிப் போடலாம். வாசனை கிட்டத்தட்ட அதே ஜாதி.

சீஸுக்குப் பதிலாக எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம். அங்கே எதுவும் குறையவில்லை.