தங்கவயலிலிருந்து ஒரு பனி ஹாக்கிப் பார்வை

ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருப்பவனுக்குப் பனிக்கட்டி ஹாக்கியோடு என்ன சோலி என்று கேட்பீர்கள். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே வெந்துபோய் உழைத்தவர்களின் ஊரல்லவா இது! விஷயம் இருக்கிறது.

ஐரோப்பாவில் 2004இல் ஆஸ்திரியா உள்ளிட்ட பல நாட்டுப் பெண்கள் அணிகளுக்கென்று ஒரே லீக் ஏற்பட்டது. நம் தேசத்திலோ லடாக் பெண்கள் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில்தான் பழகினார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. 2016இல் தைபேயில் முதன்முதல் சர்வதேசக் களம் கண்டார்கள். 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள், அதுவே முதல் வெற்றி. 2025இல் அல் ஐனில் ஆசியக் கோப்பை வெண்கலம்!

இங்கே 28-2-2001இல் சுரங்கம் மூடியாச்சு. நம் பெண்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டின பிறகுதான் திரும்புகிறார்கள். மட்டை பிடிக்கப் பொழுது ஏது?