பெரியப்பா வீட்டுக் கடமான் கொம்பு

திண்டுக்கல்லில் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில் ஒரு கடமான் கொம்பு இருக்கிறது. தாத்தா சுட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால், ஆடலூர், பன்றிமலைப் பக்கம். பதிவு செய்து சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதில் சட்டை மாட்டி அடி வாங்கியிருக்கிறேன்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "இப்ப உள்ள மானுக்கெல்லாம் எங்கடா இப்புடிக் கொம்பு? நல்ல வித்த பூரா அந்தக் காலத்துலயே சுட்டுத் தள்ளிட்டாங்க. மிச்சம் இருக்கறது சோதா."

அவர் வேட்டைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டது. ஒரு காட்டின் வித்தையே தாத்தா மாதிரி ஆட்கள் கெடுத்துவிட்டார்களா? பெங்களூர் திரும்பியும் அது விடவில்லை. அலுவலக வேலைக்கு நடுவே இரண்டு மாதம் இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வரலாறு. முதிர்ந்த ஆணை மட்டும் சுடு என்பது நம்மூர் வழக்கம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் கண்டதையெல்லாம் சுட்டார்கள். கடமானும் வரையாடும் கண்ணெதிரே குறைந்தன. பயந்துபோன வேட்டைக்காரர்களே 1877-ல் ஊட்டியில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம், தடைக்காலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெட்டையையும் குட்டியையும் விட்டுவிடு, முதிர்ந்த ஆணைச் சுடு என்ற ஒழுங்கு மெல்ல நிலைத்தது. வரையாட்டில் வயதான கிடாவுக்கு முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல நிறம் வெளுக்கும். அப்படி வெளுத்த கிடாதான் வேட்டைக்கு உரியது.

இந்த விதியின் கணக்கு எளிது. ஒரு கிடா பல பெட்டைகளுக்குப் போதும், அதனால் ஆண் குறைந்தாலும் குட்டி குறையாது. அவர்கள் பார்த்தது தலை எண்ணிக்கையை மட்டும். மெண்டல் 1866-லேயே தன் கட்டுரையை வெளியிட்டிருந்தாலும் 1900 வரை உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. எந்த அப்பன் சாகிறான் என்பதால் அடுத்த தலைமுறை மாறுமா என்ற கேள்வி அந்த விதிக்குள் இல்லவே இல்லை.

அந்தக் கேள்விக்கு வலுவான ஒரு பதில் 2003-ல் கனடாவிலிருந்து வந்தது. ஆல்பர்ட்டாவில் ராம் மலை என்ற இடத்தில் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகளை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். கொம்பு ஓரளவுக்கு வளைந்துவிட்டால் சுடலாம் என்பது அங்கே விதி. அந்த ஆண்டுகளில் கிடாக்களின் கொம்பு நீளமும் உடல் எடையும் குறைந்துகொண்டே வந்தன. காரணத்தைக் கவனியுங்கள். வேகமாகக் கொம்பு வளர்க்கும் கிடா நான்கைந்து வயதிலேயே சுடத் தகுதி பெற்றுவிடும். ஆனால் அது அதிகமாக இணைசேரும் வயது அதற்குப் பிறகுதான். வாரிசு விடுவதற்கு முன்பே சாகிறது. சின்னக் கொம்புக்காரன் உயிரோடு இருந்து அப்பன் ஆகிறான். பின்னாளில் அங்கே வேட்டையை ஏறக்குறைய நிறுத்திய பிறகும் கொம்பு உடனே பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை.

அப்படியென்றால் பெரியப்பா சொன்னது சரியா? அங்கேதான் மான் வேறு மாதிரி. செம்மறிக்கும் வரையாட்டுக்கும் ஒரே கொம்பு, ஆயுள் முழுக்க வளரும். மான் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். அது எவ்வளவு பெரிதாக முளைக்கும் என்பதில் வயதுக்கும் தீனிக்கும் பெரிய பங்கு உண்டு. 1930-களில் ஃபிரான்ஸ் ஃபோக்ட் என்பவர் மத்திய ஐரோப்பாவில் செம்மான்களை அடைத்து வைத்து எள்ளுப் பிண்ணாக்கு போட்டு வளர்த்தார். சில தலைமுறைகளில் அசாதாரணமான உடம்பும் கொம்பும் வந்தன. நம்மூர் மாட்டுக்காரர் யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, தாய். கொம்புக்கான மரபணுவில் பாதி தாய்வழி வருகிறது. பெண் மானுக்குக் கொம்பே கிடையாது. எந்தப் பெட்டையிடம் நல்ல கொம்பின் வித்து இருக்கிறது என்று எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியாது, அவன் அதைச் சுடவும் இல்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. போதாததற்கு, முதிர்ந்த கலைமான் சாகும்போது பல பருவம் இணைசேர்ந்து முடித்திருக்கும். அதன் வித்து காட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, வேட்டை மரபணுவை மாற்ற மூன்று நிபந்தனைகள். அந்தக் குணம் பெருமளவு பரம்பரையாக வருவதாக இருக்கணும். வயதைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துச் சுடணும். வாரிசு விடும் முன் சுடணும். ராம் மலையில் மூன்றும் சேர்ந்தன. தாத்தாவின் கிழட்டுக் கடமானில் சேரவில்லை.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. கம்பம் தாண்டி குமுளி ஏறினால் பெரியாறு. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும்தான் நீண்ட தந்தம். தந்தத் திருடர்கள் தேடித் தேடிக் கொன்றதும் கொம்பன்களைத்தான். 1969-ல் அங்கே ஒரு வளர்ந்த ஆணுக்கு ஆறு பெண் யானைகள். 1980-களின் இறுதியில் ஒரு ஆணுக்கு 122. தந்தம் சின்னதாகும் வரைக்கும் காத்திருக்கவே வேண்டியதில்லை, அப்பன்களே இல்லாமல் போனார்கள். மிஞ்சிய ஓரிரு ஆண்களே எல்லாக் குட்டிக்கும் தகப்பன் என்றால் அடுத்த தலைமுறையில் பெரும்பாலோர் தாய் வேறானாலும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். அளவுக்கு மீறிச் சுட்டால் நல்ல வித்து, கெட்ட வித்து என்ற பேச்சே இல்லை. வித்தின் வகையே குறைகிறது.

சரி, பெரியப்பாவின் கண்ணுக்கு மட்டும் ஏன் பழைய கொம்பு பெரிதாகத் தெரிகிறது? லண்டனில் ரோலண்ட் வார்டு 1892-ல் உலக வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். பெரிய கொம்புக்குத்தான் அதில் இடம். சுவரும் அப்படித்தான். சின்னக் கொம்பை யாரும் பாலீஷ் போட்டு மாட்டுவதில்லை. சர்வர் லாகில் ஒரு வகைப் பதிவை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழித்தால் சராசரி எடுக்க முடியாது. பெரியப்பா அந்தக் காலத்தின் ஆகப் பெரிய கொம்பையும், இந்தக் காலத்தில் ரோட்டோரம் தெரிந்த ஏதோ ஓர் இளமானையும் ஒப்பிடுகிறார்.

எல்லாவற்றையும் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தாத்தா பண்ணது தப்பில்லங்கறியா?"

"அவரு வித்தக் கெடுக்கல பெரியப்பா. ஆனா அவரு மட்டுமா சுட்டாரு? ஊருல துப்பாக்கி வச்சிருந்தவன் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சுட்டான். மான் கொறஞ்சுச்சு. காடும் கொறஞ்சுச்சு. திங்க எடமும் இல்ல, கெழடாகற வரைக்கும் உசுரோட இருக்க எடமும் இல்ல. அப்பறம் கொம்பு எங்கருந்து பெருசாகும்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மானுக்கு என்ன வயசு இருக்கும்டா?" என்றார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்றேன். கொம்பை வைத்து வயதைச் சரியாகச் சொல்ல முடியாது, பல் வேண்டும். தாத்தா பல்லை எடுத்து வைக்கவில்லை.