சூப்பர் ஹீரோக்களின் மேசையில் சாமானியர்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது, நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் சார்பில் பேசியும் முடிவெடுத்தும், விளைவு ஐயத்துக்குரியதாகும் இடங்களில் பகடை உருட்டியும் ஒரு கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டமாகும். களத்தையும் பிற மாந்தரையும் நடத்துபவர் நடுவர் எனப்படுகிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி அமெரிக்காவில் 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு அச்சு வடிவம் தந்தது என்றாலும், அதன் வேர் 1969-இல் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் போர் விளையாட்டில் இருக்கிறது. நெப்போலியன் காலத்து ஜெர்மானியச் சிறுநகரம் ஒன்றைக் களமாகக் கொண்ட அந்த ஆட்டத்தில், படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலியோரின் பாத்திரங்களும் ஆட்டக்காரர்களுக்குத் தரப்பட்டன. ஆக, படைபலமில்லாத மனிதரை ஏற்று ஆடலாம் என்ற எண்ணம் இக்கலையின் பிறப்பிலேயே இருந்தது. சூப்பர் ஹீரோ கதைகளை இக்கலை தழுவிக்கொண்டபோது பின்னுக்குப் போனது அந்த எண்ணமே.

சூப்பர் ஹீரோ விளையாட்டுகளில் முதல் நூலாகக் கருதப்படும் ‘சூப்பர்ஹீரோ 2044’ 1977-இல் வந்தது. ஜெஃப் டீயும் ஜாக் ஹெர்மனும் 1979-இல் வெளியிட்ட ‘வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்’ ஒரு வியப்பான வழியைக் கண்டது: ஆட்டக்காரர் தம்மையே பாத்திரமாக ஏற்க, அவருடைய உடல்வலிமையையும் அறிவையும் நடுவர் மதிப்பிட்டு எண்களாக்க, அதன்மேல் பகடை வழங்கிய அதிசக்திகள் ஏறும். சாமானியர் இங்கே இருக்கிறார். ஆனால் ஆட்டம் தொடங்கும் கணத்திலேயே அவர் சாமானியராக இருப்பதை விட்டுவிடுகிறார்.

ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் 1981-இல் படைத்த ‘சாம்பியன்ஸ்’ பகடையின் தற்செயலை விலக்கி, குறிப்பிட்ட புள்ளிகளைக் கொண்டு ஆற்றல்களை விலைக்கு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. கூடுதல் புள்ளிகள் வேண்டுமெனில், ஆட்டக்காரர் தம் நாயகருக்குக் குறைகளை ஏற்க வேண்டும். அவற்றுள் ஒன்றுதான் நாயகரைச் சார்ந்து வாழும் உறவினரோ காதலரோ நண்பரோ ஒருவர் இருப்பது. அவர் அன்றைய கதையில் சிக்குவாரா என்பதை நடுவர் மூன்று பகடைகளை உருட்டிப் பார்ப்பார். எப்போதாவது மட்டுமே வருபவராக எழுதப்பட்டிருந்தால், கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டாதபோது, அதாவது ஏறத்தாழ நான்கு அமர்வுகளுக்கு ஒருமுறை, அவர் ஏதோ ஒரு வம்பில் மாட்டிக்கொள்வார். அவர் எவ்வளவு திறனற்றவரோ அவ்வளவு கூடுதல் புள்ளிகள் நாயகருக்குக் கிடைக்கும் என்பதே இவ்விதியின் உட்பொருள். கதைக்கு இது பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு தாயின் அல்லது காதலியின் ஆதரவற்ற நிலை நாயகரின் கணக்கில் வரவாக எழுதப்பட்டது என்பதும், அந்தத் தாயாகவே ஆட விரும்புபவருக்கு மேசையில் நாற்காலி இல்லை என்பதும் மறுக்க இயலாதவை.

அடுத்து வந்த இரு நூல்களில் சாமானியர் ஓர் அளவுகோலின் அடிக்கோடாகிறார். ஜெஃப் க்ரப் வடிவமைத்து டி.எஸ்.ஆர். நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ விளையாட்டில் சராசரி மனிதரின் மதிப்பு 6. ஸ்பைடர்மேனின் வலிமை 40. ஹல்க்கின் வலிமை 100. மேஃபேர் கேம்ஸ் 1985-இல் வெளியிட்ட, க்ரெக் கோர்டனின் ‘டிசி ஹீரோஸ்’ இன்னும் துணிந்து, ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தையதன் இருமடங்கு என்ற அளவையை வகுத்தது. சாதாரண மனிதரின் வலிமை 2 என்றும், 1989-ஆம் ஆண்டுப் பதிப்பின் சூப்பர்மேனுக்கு 25 என்றும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் இடைவெளி சிறிதாகத் தோன்றும். 23 முறை இரட்டித்துப் பார்த்தாலோ அது ஏறத்தாழ 84 இலட்சம் மடங்கு. அதிசக்தி ஏதுமற்ற பேட்மேன் அந்த மேசையில் சூப்பர்மேனுக்குப் பக்கத்தில் அமர முடிந்ததற்குக் காரணம், நெருக்கடியில் செலவழித்துத் தம் செயலை உயர்த்திக்கொள்ள உதவும் ‘நாயகப் புள்ளிகள்’ என்ற ஏற்பாடு. ஆயினும் பேட்மேன் சாமானியர் அல்லர். பெரும் செல்வமும் வாழ்நாள் பயிற்சியும் உடையவர். செய்தியாளர் லோயிஸ் லேன் அங்கே இன்னமும் காப்பாற்றப்பட வேண்டியவராகவே இருந்தார்.

சாமானியருக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு விடை இலக்கியத்தின் வழியாகவும் தேடப்பட்டது. நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கி நகரில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1983-இல் நண்பர்களோடு ஆடத் தொடங்கிய ‘சூப்பர்வேர்ல்ட்’ ஆட்டத்திலிருந்து ‘வைல்ட் கார்ட்ஸ்’ என்னும் கதைத்தொகுதி 1987-இல் பிறந்தது. அதில் 1946-இல் நியூயார்க்கின்மீது பரவும் நச்சுக்கிருமி தாக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேர் இறக்க, ஒன்பது பேர் உருத்திரிய, ஒருவர் மட்டுமே ஆற்றல் பெறுகிறார். அக்கிருமியைத் தடுக்க முயன்று உயிர்விடும் ஜெட்பாய் எந்தச் சக்தியும் இல்லாத விமானி. டென்னிஸ் டெட்வில்லரும் கிரெக் ஸ்டோல்ஸியும் படைத்த ‘காட்லைக்’ (2001) என்னும் விளையாட்டு இரண்டாம் உலகப் போரின் படைவீரர்களுக்கே வியத்தகு ஆற்றல் தந்தது. ஆனால் குண்டு பட்டால் அவர்களில் பெரும்பாலோர் மற்ற வீரர்களைப் போலவே சாவார்கள்.

உண்மையான திருப்பம் 2010-இல், தொலைக்காட்சித் தொடரைத் தழுவி மார்கரெட் வைஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்மால்வில்’ விளையாட்டில் நேர்ந்தது. வலிமையை அளப்பதற்கு முன்னால் அது கடமை, புகழ், நீதி, காதல், அதிகாரம், உண்மை என்னும் ஆறு விழுமியங்களையும், மற்ற மாந்தரோடு கொண்ட உறவுகளையும் பகடைகளாக்கியது. இளம் சூப்பர்மேனான கிளார்க் ஒரு வாகனத்தைத் தூக்குவதும் லோயிஸ் ஓர் உண்மையை வெளிக்கொணர்வதும், எதன் பொருட்டு, யாருக்காக என்ற கேள்வியின் விடையிலிருந்தே தத்தம் பகடைகளைப் பெற்றன. முதன்முறையாக லோயிஸை ஏற்பவர் சலுகை ஏதும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிரெண்டன் கான்வே 2016-இல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ்’ பதின்வயது நாயகர்களைப் பற்றியது. சக்தியில்லாமல் துணிவு ஒன்றையே நம்பிக் குழுவில் சேரும் ஒருவருக்கு அதில் தனிப் பாத்திர வடிவமே உண்டு. எல்லா நாயகர்களுக்கும் எண்கள் இருக்கின்றன, ஆனால் அவை தோள்வலியைக் குறிப்பவை அல்ல. தம்மை ஆபத்தானவராக, விந்தையானவராக, மீட்பராக, மேலானவராக, சாமானியராக எந்த அளவு கருதுகிறார் என்பதைக் குறிப்பவை. அந்த எண்களை மாற்றும் செல்வாக்கு பெரியவர்கள் அனைவருக்கும் தொடக்கத்திலிருந்தே உண்டு; எனவே கட்டடங்களைத் தகர்க்கும் ஒரு சிறுவனிடம் அவன் தாயோ ஆசிரியரோ நீ இன்னார் என்று சொல்லிவிட்டால், அவன் அதை மறுத்து வெல்லாதவரை, பென்சிலால் எழுதிய ஓர் எண் அழிக்கப்பட்டு ஒன்று குறைய, இன்னோர் எண் ஒன்று கூடுகிறது.