சிறு கலங்களில் வளர்ந்த பேச்சு

நேயர்களே, ஒலிவாங்கியின் முன் நான் பேசுவதை ஓங்கிய கோபுரமொன்று தொலைதூரம் பரப்புகிறது. நீங்கள் கேட்கலாம், பதில் சொல்ல இயலாது. செல்லிடத் தொலைபேசியும் தொடக்கத்தில் இத்தகைய கோபுரத்தையே நம்பியது. 1946 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மோட்டார் வண்டிகளுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியது. நகர் முழுவதிலும் ஒரே வேளையில் மூவர் மட்டுமே பேசலாம், அலைவரிசைகள் அவ்வளவுதான்.

கோபுரத்தை இன்னும் உயர்த்தினால் தீருமா? 1947 இல் பெல் ஆய்வுகூடத்தின் டக்ளஸ் ரிங் மறுதலையாகச் சிந்தித்தார். நகரைத் தேனடை போல் அறுகோணக் கலங்களாகப் பிரித்து, கலந்தோறும் வலுக்குறைந்த நிலையமொன்றை வைத்தால் என்ன? அதன் அலை நெடுந்தூரம் செல்லாது. ஆகவே, சற்றுத் தள்ளியுள்ள கலத்தில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம். பேசுபவர் நகர நகர, ஒரு நிலையம் அவரை அடுத்த நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கைமாற்றைக் கணப்பொழுதில் செய்யக் கணினி வளர வேண்டியிருந்தது.

1979 இல் தோக்கியோவிலும் 1983 இல் சிக்காகோவிலும் எண்ணம் சேவையாயிற்று. 1989 இல் இலங்கைக்கும் வந்தது.

கோபுரம் உரக்கக் கூவியபோது மூவர் பேசினர். அது மெல்லப் பேசக் கற்றபின் கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். உரக்கக் கூவும் தொழிலிலுள்ள எனக்குச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது.